இப்ப என்று கத்தியவன்

எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூட டைவிங் போட்டி எங்கே நடந்தாலும், நடுவர் நாற்காலி ஒன்றில் வெர்லின் மேட்லாக் உட்கார்ந்திருப்பார். பலகையிலிருந்து பிள்ளைகள் குதித்து முடித்ததும் பத்துக்கு இத்தனை என்று அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மற்ற இரண்டு நடுவர்களும் எட்டரை, ஒன்பது என்று தாராளமாகத் தூக்கும்போது இவர் கையில் ஏழு இருக்கும். எட்டுக்கு மேற்பட்ட அட்டைகளை மனிதர் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வருகிறார் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். டிராக்டர் உதிரி பாகம் விற்கிற கடைக்காரர்தானே, கஞ்சத்தனம் எங்கே போகும் என்று பெற்றவர்கள் முணுமுணுப்பார்கள்.

கஞ்சத்தனம்கூட இல்லை அது, பொறாமை. பதினைந்து வயசுப் பிள்ளை மேலே ஐம்பது வயசு ஆளுக்கு என்ன பொறாமை என்று கேட்டால், கேட்பவருக்கு வெர்லின் மேட்லாக்கைத் தெரியாது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயமும் உண்டு. காற்றில் சுருண்டு கரணம் போடுகிறவனுக்கு எது கூரை, எது தண்ணீர் என்று புரியாது. சுருண்ட உடம்பை எந்த நொடியில் நீட்டுவது என்று கரையில் நிற்கிற ஒருத்தர் பார்த்து, "இப்ப!" என்று கத்துவார். கத்தல் முந்தினால் முகமும் வயிறும் தண்ணீரில் அறையும், பிந்தினால் முதுகு. அந்தக் கத்தலுக்கு இந்தியானா மாநிலத்திலேயே வெர்லினை மிஞ்ச ஆள் கிடையாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் யார் வந்து கெஞ்சினாலும் கத்த மாட்டார். "தொண்டை சரியில்ல" என்பார். கல்லூரியை விட்ட பிறகு ஒரே ஒரு தடவைதான் கத்தினார். அதற்கு ஏன் அத்தனை வருஷம் ஆயிற்று என்பதுதான் விஷயம்.

அந்தக் காலத்தில் அவர் இருபது வயசு வெர்லின். அவன் என்றே சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல் அறுக்கும் ஊரில் பிறந்தவன். கல் எடுத்து முடித்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். அதன் விளிம்பிலிருந்து குதித்துக் குதித்தே கரணம் பழகினான். ஹால்டன் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே டைவ் அடிக்க வேறு ஆளே இல்லை. வெர்லின்தான் முதல், அவனேதான் கடைசி. கோச் புருபேக்கர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மரப்பலகையின் மேல் விரித்திருந்த தேங்காய் நார்ப் பாய் அவன் காலுக்கென்றே தேய்ந்தது போலிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குக்கூட அவன் போகவில்லை. உடம்பைப் பரிசோதிக்க வரச்சொல்லிக் கடிதம் வந்த வாரத்திலேயே போர் முடிந்துவிட்டது.

அடுத்த வருஷம் போரிலிருந்து திரும்பியவர்களைக் கல்லூரிகள் வாரி வாரிச் சேர்த்தன. அப்படி வந்தவன் ஆர்விட் சண்டீன். வேறொரு கல்லூரியில் பாதிப் படிப்பை விட்டுவிட்டுப் பீரங்கிப் படையில் மூன்று வருஷம் இருந்தவன், இருபத்துநாலு வயசு. நீச்சல் குளத்தில் எல்லாரும் அவனைத் "தாத்தா" என்றார்கள். முதல் நாள் பலகையில் ஏறி, பல வருஷமாக ஏறாதவன் போலக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு சாதாரணக் கரணம் போட்டான். தண்ணீர் சத்தமே போடவில்லை.

கோச் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டார். "வெர்லின், பார்த்தியாடா? பார்த்தியா இல்லியா?"

"பார்த்தேன் கோச்," என்றான் வெர்லின். பார்த்த கண் அதற்கப்புறம் மூடவே இல்லை.

அவன் அந்த இரண்டு வருஷமும் ஆர்விட்டைப் பார்த்த மாதிரி ஒரு பெண்கூட ஓர் ஆணைப் பார்த்திருக்க மாட்டாள். எப்படி நடக்கிறான், எப்படித் துண்டைப் பிழிகிறான், எத்தனை முட்டை தின்கிறான், எல்லாம் கணக்கு. அத்தனையும் குற்றக் கணக்கு. பின்னாலிருந்து "ஆர்விட்!" என்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, திமிர். ஜோக் சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிறான், நம் ஜோக்கெல்லாம் தாத்தாவுக்கு மட்டம் போலிருக்கிறது. வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்காருகிறான், வாத்தியாருக்குக் காக்கா பிடிக்கிறான். எல்லாவற்றையும் விட மோசம் இது: வெளியூர்ப் போட்டிக்குப் போனால் எல்லாருக்கும் முன்னால் குளத்துக்குப் போய், பலகையின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறான். பத்து நிமிஷம், கால் மணி நேரம்.

"என்ன மகாராஜா, கட்டில் வசதியா இருக்கா?" என்று வெர்லின் ஒரு தடவை கீழேயிருந்து கேட்டான்.

ஆர்விட் கண்டுகொள்ளவே இல்லை. பையன்களெல்லாம் வெர்லினைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு எரிந்த வயிறு மறுநாள் காலை வரை ஆறவில்லை.

கோச் புருபேக்கருக்கு ஒரு கொள்கை இருந்தது. டைவ் அடிக்கிற இருவரும் ஒருவருக்கொருவர் கத்த வேண்டும். "உன் உயிரு அவன் வாயில, அவன் உயிரு உன் வாயில. அப்பதான்டா உருப்படுவீங்க" என்பார். ஆகவே தினமும் மாலை மூன்று மணிக்கு ஆர்விட் மேலே, வெர்லின் கீழே. பிறகு வெர்லின் மேலே, ஆர்விட் கீழே. ஆர்விட் கத்துவது துல்லியம், அதை வெர்லினாலும் மறுக்க முடியவில்லை. இவன் கத்துவதும் துல்லியம். ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. ஏமாற்றாததற்குக் காரணம் நல்ல மனசு இல்லை. ஆர்விட் ஒவ்வொரு தடவை ஊசி மாதிரி இறங்கும்போதும், இது பாதி என்னுடைய டைவ், நான் கத்தாவிட்டால் இவன் தவளை என்று நினைத்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தில்தான் இரண்டு வருஷம் ஓட்டினான்.

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு ஊருக்குப் போக ஆர்விட்டுக்கு வழியில்லை. "உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா" என்று கோச் சொல்லிவிட்டார். வெர்லினின் அப்பா முப்பது வருஷம் கல் அறுக்கும் ரம்பத்தின் பக்கத்தில் நின்றவர். எங்கள் ஊர்க் கல் பட்டறைக்காரர்கள் எல்லாரையும் போல அவருக்கும் காது போய், பேச்செல்லாம் கூச்சல். மேஜையில் உட்கார்ந்ததும், "ஏம்ப்பா, பீரங்கி எத்தினி கனம் இருக்கும்?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஆர்விட்டின் முகம் மலர்ந்தது. அவனும் கத்திப் பதில் சொன்னான். இரண்டு பேரும் கிடாவும் கிடாவும் முட்டிக்கொள்கிற மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து மூன்று மணி நேரம் கத்தினார்கள். வெர்லினிடம் அப்பா டைவிங் பற்றி ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. ஆர்விட்டிடம் கேட்டார்.

"தலைகீழா வரும்போது பயமா இருக்காதா?"

"உங்க பையன் கீழ நிக்கிறானே ஐயா! அவன் கத்துவான்! எனக்கு என்ன பயம்?"

அம்மா பெர்சிமன் பழப் புட்டிங் கொண்டுவந்து வைத்தாள். ஆர்விட் மூன்று தடவை வாங்கித் தின்றான். "என் மகன் ஒரு நாளாவது இப்படி ருசிச்சுச் சாப்பிட்டிருக்கானா?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெர்லின் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, விறகு வெட்டப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டான். விறகு ஏற்கனவே வெட்டி அடுக்கியிருந்தது.

லோரீன் விஷயமும் இருக்கிறது. நூலகத்தில் வேலை பார்த்த பெண். போட்டிகளில் நடுவர் காட்டும் எண்களை எழுதிக் கூட்டுகிறவள் அவள்தான். வெர்லின் அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் சும்மா சொன்னாள்: "ஆர்விட் நல்ல மாதிரி இல்ல? நாம பேசினா மூஞ்சியவே பார்த்துக் கேக்குறான். நீயெல்லாம் எங்கயோ பார்ப்ப."

"பொண்ணுங்க மூஞ்சியவே பார்க்குற ஆளு இல்ல அவன்? பார்க்கத்தான் செய்வான்."

"அய்ய, அதுல ஒண்ணுமில்ல வெர்லின். பாவம் மாதிரி இருக்கான்னு சொன்னேன்."

பாவமாம்! வெர்லினுக்குக் காதில் புகை வந்தது.

நாற்பத்தெட்டு மார்ச் மாதத்தில் எட்டுக் கல்லூரிகளுக்கான போட்டி வந்தது. வெஸ்ட்ஃபீல்டில், கூரை போட்ட குளம். ஹால்டன் கல்லூரி தேசியப் போட்டிக்கு ஒரே ஒரு டைவரைத்தான் அனுப்பும். இருவரில் யார் இங்கே முன்னால் வருகிறார்களோ அவர்தான் போவார். வெர்லினுக்கு இது கடைசி வருஷம், ஆர்விட்டுக்கும்தான். போகாதவனுக்கு இனி போக வழியே இல்லை. கல்லூரித் தாழ்வாரச் சுவரில் தேசியப் போட்டிக்குப் போனவர்களின் படம் மாட்டியிருக்கும். வெர்லின் அதில் தன் படத்துக்கென்று ஓர் ஆணியைக்கூடப் பார்த்து வைத்திருந்தான்.

அன்று பகல் இரண்டு மணிக்கெல்லாம் மண்டபம் நிரம்பிவிட்டது. பாட்டு, தகரத் தட்டு, மணி. ஓடு பதித்த சுவரில் எல்லாம் மோதி ஒரே இரைச்சலாகத் திரும்பி வந்தது. ஆர்விட் வழக்கம் போலக் காலையிலேயே வந்து பலகையில் மல்லாந்து படுத்திருந்தான். வெர்லின் பார்க்காத மாதிரி பார்த்தான்.

ஒன்பது டைவ் முடிந்தபோது வெர்லின் முதலிடம். வாழ்க்கையில் அப்படிக் குதித்ததில்லை. ஆர்விட் மூன்று புள்ளி பின்னால். பத்தாவது, கடைசி. இருவரும் எழுதிக் கொடுத்திருந்தது ஒரே டைவ், முன்பக்கமாக இரண்டரைக் கரணம். அந்தக் காலத்தில் அதற்கு மேல் கஷ்டமானதை நாங்கள் பார்த்ததில்லை. ஆர்விட் முதலில், வெர்லின் அடுத்து.

வெர்லின் கரையில் தன் இடத்தில் போய் நின்றான். ஆர்விட் ஏணியில் ஏறும்போது திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். அந்த முகத்தில் சந்தேகம் என்பதே இல்லை. வெர்லினுக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை நிம்மதியாக ஒருத்தன் எப்படி இருக்கலாம்? அப்பாவின் கூச்சல், அம்மாவின் கண்ணீர், லோரீன் சொன்ன அந்தப் 'பாவம்', எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதுகில் ஓர் அறை விழும், சிவக்கும், நாலு நாளில் சரியாகிவிடும், செத்தா போகப்போகிறான் என்று சொல்லிக்கொண்டான். அதைச் சொல்லி முடித்தபோதே முடிவு செய்துவிட்டான் என்று அவனுக்கே தெரிந்தது.

ஆர்விட் மூன்று எட்டு வைத்து எழும்பினான். சுருண்டான். ஒன்று. இரண்டு. வெர்லினின் தொண்டைக்கு அந்த நொடி தெரியும், இரண்டு வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதைப் பிடித்து நிறுத்தினான். ஓர் இமைப்பு விட்டான். பிறகுதான் கத்தினான்.

"இப்ப!"

அவன் கத்தியபோது ஆர்விட்டின் பாதம் தண்ணீருக்குள் மறைந்துகொண்டிருந்தது. உடம்பு எப்போதோ நீண்டு, நேராக, ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

மண்டபம் எழுந்து நின்றது. எட்டரை, ஒன்பது, ஒன்பது. வெர்லின் அட்டைகளைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்விட் ஏறி வந்தான், நேராக இவனிடம் வந்தான், ஈரக் கையால் தோளைத் தட்டினான். "கரெக்டான நேரம் தம்பி. நீ இல்லன்னா நான் இல்ல. போ, உன் முறை. நான் நிக்கிறேன்."

வெர்லினுக்கு உடனே தோன்றியது: இவன் தெரிந்துகொண்டுவிட்டான். தெரியாமல் எப்படி இருக்கும்? கத்தலுக்கு முன்னாலேயே உடம்பைத் திறந்து நீட்டியவன், லேட்டாகக் கத்தியதைக் கவனிக்காமலா இருப்பான்? கவனித்துவிட்டு, சிரித்துக்கொண்டு, நான் நிக்கிறேன் என்கிறான். இப்போது கரையில் நிற்பது அவன். உயிர் அவன் வாயில்.

ஏணியில் ஒவ்வொரு படிக்கும் வெர்லின் தன்னையே கேட்டுக்கொண்டு ஏறினான். முந்திக் கத்துவானா, பிந்திக் கத்துவானா? நானாக இருந்தால் முந்திக் கத்துவேன். முகத்தில் அறைய வைப்பேன். பலகை நுனியில் நார்ப் பாய் காலைக் குத்தியது. எழும்பினான், சுருண்டான், உலகம் ஒன்று சுற்றியது, இரண்டு சுற்றியது.

"இப்ப!" என்றது ஆர்விட்டின் குரல்.

தெளிவாகக் கேட்டது. உடம்பு நீளப் பார்த்தது. முந்திக் கத்துகிறான், பொய், இன்னும் கொஞ்சம் என்று வெர்லின் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். தண்ணீர் முதுகைக் கட்டையால் அறைந்த மாதிரி அறைந்தது. அந்த அறைச் சத்தம் வெளித் தெருவில் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். இரண்டு, ஒன்றரை, இரண்டு. முதலிடத்திலிருந்து ஐந்தாமிடம்.

உடை மாற்றும் அறையில் பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தான். முதுகு முழுக்க வேகவைத்த நண்டு நிறம். ஆர்விட் ஈரத்துண்டு கொண்டுவந்து போட்டான். அறையில் வேறு யாரும் இல்லை. ஆர்விட் குனிந்து, இவன் முகம் தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்தான்.

"தம்பி, நான் கத்தினது கேக்கலையா?"

வெர்லின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"மெதுவா கத்திட்டனா? ஒண்ணு சொல்றேன், கோச்சுகிட்ட சொல்லிடாத. நான் எவ்வளவு சத்தமா கத்துறேன்னு எனக்கே தெரியாது. பீரங்கி காதத் தின்னுடுச்சு. ரூமுக்குள்ள, எதிர்ல உக்காந்து பேசினா பாதி கேக்கும், பாதி உதட்டப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். குளத்துக்குள்ள வந்துட்டா ஒண்ணும் கேக்காது. ஒரே இரைச்சல்."

வெர்லின் மெல்லத் தலையைத் தூக்கினான். "அப்போ நான் கத்துறது?"

ஆர்விட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ரெண்டு வருஷமா ஒரு தடவகூட விழுந்ததில்லடா. கோச்சுகிட்ட சொன்னா பலகையில ஏத்த மாட்டாரு. அதுவுமில்லாம நீ தெனமும் தொண்ட கிழிய நிக்கிற. வேணாம்னு சொல்ல மனசு வரல."

"அப்புறம் எப்படித் திறக்குற?"

"கூரையில ஏதாவது ஒண்ண அடையாளம் வச்சுக்குவேன். சன்னல், விளக்கு, ஏதாவது. அதுக்குத்தான் காலையிலேயே வந்து படுத்துப் பார்க்கிறது. ரெண்டாவது தடவ அது கண்ணுல பட்டதும் நீட்டிடுவேன்."

வெர்லின் முகத்தைப் பெஞ்சிலேயே புதைத்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்து ஆர்விட் தலையைத் தடவிக் கொடுத்தான். அழவில்லை. திரும்பாததும், சிரிக்காததும், முதல் பெஞ்சும், அப்பாவோடு கத்தியதும் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அத்தனை நாள் அவனையே பார்த்தும் இது தெரியவில்லை. பாதி என்னுடைய டைவ் என்று நினைத்ததெல்லாம் போயிற்று. உதவியும் போய்ச் சேரவில்லை, துரோகமும் போய்ச் சேரவில்லை. அடிபட்டது ஒருத்தனுக்கு மட்டும்தான்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை கோச்சின் அறை வாசல் வரை போனான், செவிடனை அனுப்பலாமா என்று கேட்க. "என்னடா?" என்றார் கோச். ஆர்விட்டுக்குக் கேட்காது என்று சொன்னால், அப்போ நீ அன்னைக்கு எப்படிக் கத்தின என்று பேச்சு வந்துவிடுமோ என்று நாக்கு எழவில்லை. "ஒண்ணுமில்ல கோச்" என்று திரும்பிவிட்டான். ஆர்விட் தேசியப் போட்டிக்குப் போய் ஒன்பதாவதாக வந்தான். கல்லூரிப் பத்திரிகையில், "என் வெற்றி என் நண்பன் வெர்லினின் குரல்" என்று சொல்லியிருந்தான். குரலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்! ஆனாலும் ஊரெல்லாம் வெர்லினின் கையைப் பிடித்துக் குலுக்கியது. தான் தோற்றுக் கூட்டாளியை ஜெயிக்க வைத்த தங்கமான பையன் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் முதுகு அறையை விட அதிக நாள் எரிந்தது.

லோரீனைக் கல்யாணம் செய்துகொண்டான், கடை வைத்தான், இரண்டு பெண் பிள்ளைகள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இல்லினாயிலிருந்து ஆர்விட்டின் வாழ்த்து அட்டை வரும். லோரீன் அதைக் கண்ணாடி அலமாரியில் முன்னால் வைப்பாள், வெர்லின் பின்னால் தள்ளி வைப்பான். அவள் மறுபடி முன்னால் வைப்பாள். புத்தாண்டு வரை இது நடக்கும்.

அறுபத்தாறு ஜூலையில் எங்கள் ஊரில் புதுக் குளம் திறந்தார்கள். பழைய ஆட்களையெல்லாம் அழைத்தார்கள். ஆர்விட் மனைவியோடும் பதிமூன்று வயசு மகள் காரினோடும் வந்து இறங்கினான். தலை வழுக்கை, காதுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் அவரைக்கொட்டை மாதிரி ஒரு கருவி.

"தம்பி! இப்ப எனக்கு எல்லாம் கேக்குதுடா. கொசு பறந்தாலும் கேக்குது. இவ பேசுறதும் கேக்குது, அதுதான் கொஞ்சம் கஷ்டம்."

"கேட்டுட்டாலும்!" என்றாள் அவன் மனைவி. "குப்பையக் கொண்டுபோய்ப் போடுங்கன்னா உடனே பேட்டரி தீர்ந்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை ஆர்விட் எல்லாரோடும் சேர்ந்தே சிரித்தான். வெர்லின்தான் கடைசி.

காரின் பலகையில் ஏறினாள். ஒன்றரைக் கரணம் பழகிக்கொண்டிருக்கிறாளாம். ஆர்விட் வெர்லினின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு ஆசைடா. உன் கத்தலை நான் கேட்டதே இல்ல. என் பொண்ணுக்கு ஒரு தடவ கத்து."

"தொண்டை சரியில்ல."

"ஒரே ஒரு தடவ."

லோரீன் மதிப்பெண் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லின் கரைக்குப் போனான். பிள்ளை எழும்பியது, சுருண்டது. பதினெட்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த தொண்டை, அந்த நொடி எங்கே என்று தேடவே இல்லை.

"இப்ப!"

காரின் அழகாக இறங்கினாள். ஆர்விட்டின் கண் கலங்கிவிட்டது. "இதுதானா? இப்படித்தான் கத்துவியா?" என்று மூக்கை உறிஞ்சினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணு கேக்கணும்டா. இத்தன வருஷமா மனச அரிக்குது. அன்னைக்கு நீ முதுகுல விழுந்தது என்னாலதான? செவிடன் கத்துறது எப்படி இருந்துச்சோ. உன் இடத்த நான் பறிச்சுட்டேன். நேஷனலுக்கு ரயில் ஏறும்போதுகூட அதேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

வெர்லின் தண்ணீரைப் பார்த்தான். இந்த ஆள் இத்தனை வருஷம் அட்டை அனுப்பியது இதற்காகத்தான். இதையும் வைத்துக்கொள்ளலாம், அவன் பாட்டுக்குக் குற்றவாளியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லத்தான் செய்தது. வெர்லின் அதை அறியாதவனா?

"நீ கத்தினது கேட்டுச்சு," என்றான். "சரியா கேட்டுச்சு. சரியான நேரம்."

"அப்புறம் ஏன்டா திறக்கல?"

"நீயும் என்னை மாதிரி ஆளுன்னு நெனச்சேன்."

ஆர்விட்டுக்குப் புரியவில்லை. கருவியைத் திருகிக்கொண்டு அவன் உதட்டையே பார்த்தான். வெர்லின் குரலை உயர்த்தினான். குளத்தைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். "உன் டைவுக்கு நான் லேட்டா கத்தினேன். வேணும்னே கத்தினேன். நீ முதுகுல விழணும்னு. உனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாது. பதிலுக்கு நீயும் என்னைக் கவுக்கப் பார்க்குறன்னு நெனச்சு, நீ சொன்னப்ப திறக்கல. போதுமா?"

லோரீனின் பேனா நின்றுவிட்டது. வெர்லின் கையைத் தொங்கவிட்டு நின்றான். அடி விழும், குறைந்தபட்சம் ஒரு கெட்ட வார்த்தையாவது விழும் என்று காத்திருந்தான். இத்தனை வருஷம் காத்திருந்தது அதற்குத்தானோ என்னவோ.

ஆர்விட் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தான்.

"அப்போ என் தப்பு இல்லியா?"

"இல்ல."

"நான் கரெக்டாதான் கத்தினேனா?"

"கரெக்டா."

ஆர்விட் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சை விட்டான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. மிச்சம் எதுவும் அவன் காதில் நிற்கவில்லை. வழுக்கைத் தலையைத் தட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்து, பீரங்கிச் சத்தத்தில் பழகிய தொண்டையில், "இங்க கேளு! என் தப்பு இல்லியாம்! நான் கரெக்டாதான் கத்தியிருக்கேன்!" என்று கூவிக்கொண்டே ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி ஓடினான். மகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிச் சுற்றினான்.

வெர்லின் அவன் விட்டுவிட்டுப் போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். லோரீன் மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஆர்விட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். தான் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை என்று வெர்லினுக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க, அவனுக்குப் பழையபடி வயிறு எரிந்தது.